டோக்கன் அக்காவின் தொட்டி விளக்கு

பல் டாக்டரின் கிளினிக்கில் அவளுக்கு என்ன வேலை என்று கேட்டால் யாருக்கும் ஒரே வார்த்தையில் சொல்ல வராது. காலையில் ஷட்டரைத் தூக்குவது அவள். வருகிறவர்களுக்கு எண் போட்ட அட்டையைக் கொடுத்து உட்கார வைப்பது அவள். போன் எடுப்பது, பில் போடுவது, கன்னம் வீங்கிப்போய் வந்து இன்னும் எவ்வளவு நேரம் என்று ஜாடையில் கேட்பவர்களுக்கு ஜாடையிலேயே பதில் சொல்வது எல்லாம் அவள்தான். நர்ஸ் இல்லை, ஆனாலும் பாதிப் பேர் சிஸ்டர் என்றார்கள். மீதிப் பேர் டோக்கன் அக்கா என்றார்கள். அந்தப் பெயர்தான் நிலைத்தது. டாக்டர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவரே போனில், "வந்து டோக்கன் அக்காகிட்ட சொல்லிட்டு உக்காருங்க" என்பார்.

காத்திருக்கும் இடத்தில், ஜன்னலை ஒட்டி, மூன்றடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி இருந்தது. வாங்கி வைத்தது டாக்டர், பார்த்துக்கொண்டது அவள். உள்ளே பல்லைக் குடையும் மெஷின் சத்தம் கேட்கக் கேட்க, வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் அந்தத் தொட்டியை அப்படிப் பார்ப்பார்கள். வாழ்நாளில் மீனையே கண்டிராதவர்கள் மாதிரி. மீன்கள் வந்தன, செத்தன, மறுபடி வாங்கினார்கள். செடிகள் மட்டும் முதலில் நட்டவைதான். புல் மாதிரி நீள நீளமாக ஒன்று, மரக்கட்டையைப் பற்றிக்கொண்டு வளரும் பெரணி ஒன்று, கல்லைப் பிடித்துக்கொண்ட தடித்த இலைச்செடி ஒன்று. அவற்றுக்கென்று யாரும் எதுவும் செய்ததில்லை. காலை வெயில் ஜன்னல் திரையில் வடிகட்டி வந்து மேலே விழும். அது போதுமாக இருந்தது.

டாக்டருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அதை முதலில் பார்த்தவள் அவள்தான். பார்த்ததைச் சொல்லவில்லை, டீயை முழு டம்ளராகக் கொடுப்பதை விட்டு அரை டம்ளராகக் கொடுக்க ஆரம்பித்தாள். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. நோயாளிகள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தொழிலை நிறுத்திக்கொண்டார். இடத்தை ஒரு செல்போன் கடைக்காரருக்குக் கொடுத்தாயிற்று. நாற்காலிகளை ஒருவர், ஃபேனை ஒருவர் என்று ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். அவள் தொட்டியைக் கேட்டாள்.

"அதைக் கொண்டுபோய் என்னம்மா பண்ணப்போற? மீனே நாலுதான் மிஞ்சியிருக்கு" என்றார் டாக்டர்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் டாக்டர்."

தண்ணீரை வாளிகளில் பிடித்து, மீன்களை மூடி போட்ட டப்பாவில் விட்டு, செடிகளை ஈரத்துணியில் சுற்றி, ஒரு சின்ன வண்டி பிடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தாள்.

வீடு என்றால் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பின்பக்கம், ஓர் அறை. ஓரத்தில் சமையல் மேடை, அதை அடுத்துக் குளியலறை. ஜன்னல் இருந்தது, திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொடலாம். கதவுக்கு மேலே கண்ணாடி பதித்த சின்னத் திறப்பு ஒன்று மாடிப்படியைப் பார்த்திருந்தது. பகலிலும் விளக்குப் போட்டால்தான் அரிசியில் கல் இருக்கிறதா என்று பார்க்க முடியும். அம்மா இருந்தபோது முன்பக்கத்துப் பெரிய போர்ஷனில் இருந்தார்கள். அம்மா படுத்த படுக்கையானது, தம்பியின் படிப்பு என்று கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சையே எல்லோரும் விட்டுவிட்டார்கள். தம்பி வேறு ஊரில் வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று ஆனான். அம்மா போன பிறகு ஓர் ஆளுக்கு எதற்கு அவ்வளவு இடம் என்று அவளே பின்பக்கம் மாறிக்கொண்டாள்.

தம்பி போன் பண்ணாமல் இருக்கமாட்டான். ஆனால் எப்போதும் கார் ஓட்டிக்கொண்டே பேசுவான். சிவப்பு சிக்னலில் ஆரம்பிப்பான், பச்சை விழுந்ததும், "சரிக்கா, வைக்கிறேன்" என்பான். அந்த ஊரில் சிக்னல்கள் இன்னும் கொஞ்சம் மெதுவாக மாறினால் நன்றாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

தேடி அலைந்து ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை கிடைத்தது. அதுவும் டோக்கன் கொடுக்கிற வேலைதான், ஆனால் டோக்கனைக் கம்ப்யூட்டர் துப்பியது. அவள் எடுத்து நீட்டினால் போதும். இடம் கட்டடத்தின் அடித்தளத்தில், மண்ணுக்குக் கீழே. வெளியே மழை பெய்ததா வெயில் அடித்ததா என்பது வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரியும்.

தொட்டி வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே புல் செடி வெளுக்க ஆரம்பித்தது. புது இலைகள் நூல் மாதிரி மெலிந்து, மேலே மேலே எட்டிப் பார்த்தன. பெரணியின் இலைகள் கண்ணாடி போல் ஆகி, தொட்டால் கையோடு வந்தன. தண்ணீர்தான் சரியில்லை என்று தண்ணீரை மாற்றினாள். உரம் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. அத்தனை வருஷம் சும்மா கிடந்து வளர்ந்தவை, தன் கைக்கு வந்ததும் இப்படி ஆகின்றனவே என்று ஒரு நாள் முழுக்க மனசு சரியில்லாமல் கிடந்தாள். பிறகுதான் உறைத்தது: கிளினிக்கில் ஜன்னல் இருந்தது.

பஸ் ஸ்டாப் பக்கத்துப் பேன்சி கடையில் தொட்டிக்கு என்று ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். நீல நிறம். போட்டதும் அறையே சினிமாப் பாட்டுக்கு செட் போட்ட மாதிரி ஆனது. மீன்களின் முதுகு பளபளத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த அறையில் இவ்வளவு கவர்ச்சியான ஒரு பொருள் இதுவரை இருந்ததில்லை. ஆனால் செடிகள் அதைச் சட்டை செய்யவில்லை. அவை பாட்டுக்கு வெளுத்தன.

ஒரு விடுமுறை நாளில் விசாரித்துக்கொண்டு வளர்ப்பு மீன் விற்கும் கடைக்குப் போனாள். வாசலில் பலகையில் எழுதியிருந்தது: 'இது வளர்க்கிற மீன் கடை. வறுக்கிற மீன் அடுத்த தெரு.' கடைக்காரருக்கு அவள் வயதுதான் இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் கையால் நெற்றியைக் காட்டினாள். கண்ணாடி இறங்கியது.

அவள் விளக்கிச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டார். "வெளிச்சம் யாருக்கு மேடம்? பார்க்கிற நமக்கா, செடிக்கா?"

"செடிக்குத்தான்."

"அப்ப நீலம் எதுக்கு? நீலம் மட்டும் போட்டா மீன் அழகா தெரியும், அவ்வளவுதான். பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளையா வேணும். பெட்டியில ஆறாயிரத்து ஐந்நூறுன்னு போட்டிருக்கும் பாருங்க, அது வெளிச்சத்தோட நிறம். எத்தனை வாட்டுன்னு பார்க்காதீங்க. அது எவ்வளவு கரண்ட் குடிக்குதுங்கிற கணக்கு. எவ்வளவு வெளிச்சம் குடுக்குதுன்னு தனியா எழுதியிருப்பான், அதைப் பாருங்க. தொட்டி எவ்வளவு ஆழம்?"

அவள் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை காட்டினாள்.

"அதிக ஆழம் இல்ல. நீங்க சொல்ற செடி மூணும் குறைஞ்ச வெளிச்சத்துலயே காலம் தள்ளுற ஜாதி. இந்தச் சின்ன லைட்டே போதும்." ஒன்றை எடுத்து வைத்தார்.

அவள் அதைப் பார்க்கவில்லை. பக்கத்தில் வைத்திருந்த பெரிய தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மேல் நீளமான ஒரு விளக்கு எரிந்தது. உள்ளே ஒவ்வோர் இலையும் தனித்தனியாகத் தெரிந்தது.

"அது என்ன லைட்டு?"

"அது சிவப்புச் செடிக்குப் போடுறது மேடம். ஜாஸ்தி வெளிச்சம். உங்களுக்கு வேண்டாம்."

"நல்லா வெளிச்சமா இருக்கட்டுமே. ரூம் இருட்டு."

ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கிறவளாக இல்லை. வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்ல எத்தனை தடவை வாய் வரும்? "தினம் ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல போடாதீங்க" என்று சொல்லிக் கட்டிக் கொடுத்தார்.

அந்த விளக்கு வந்த பிறகு அறை வேறு அறையாகிவிட்டது. சமையல் மேடை வரை வெளிச்சம் எட்டியது. செடிகளும் பிழைத்துக்கொண்டன. புல் செடி பச்சை பிடித்தது. பெரணியின் அடியிலிருந்து சுருண்ட சின்ன இலை ஒன்று எட்டிப் பார்த்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தொட்டியைப் பார்த்தபடி சாப்பிடுவாள். நான்கு மீன்களில் ஒன்று மற்றவற்றை விரட்டிக்கொண்டே இருக்கும். "உனக்கு வேற வேலையே இல்லையா" என்று அதைக் கேட்பாள். அன்றைக்கு அவள் வேலை சம்பந்தமில்லாமல் பேசிய ஒரே வாக்கியம் சில நாட்களில் அதுவாகத்தான் இருக்கும்.

காலையில் கிளம்பும்போது விளக்கை அணைக்க வேண்டும் என்று தெரியும். முதல் வாரம் அணைத்தாள். சாயங்காலம் வந்து பூட்டைத் திறந்தால் உள்ளே இருட்டு. அந்த இருட்டு அவளுக்குப் புதிதில்லை. அம்மா போன நாளிலிருந்து அந்த இருட்டுக்குள்தான் வந்துகொண்டிருக்கிறாள். ஆனால் மாற்று ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு அது தாங்கவில்லை. ஒரு நாள் மறதியாக விளக்கை எரியவிட்டுப் போய்விட்டாள். திரும்பி வரும்போது கதவுக்கு மேல் இருந்த கண்ணாடியில் வெளிச்சம் தெரிந்தது. கதவின் அடியிலும் ஒரு கோடு. உள்ளே யாரோ இருப்பது போல, இப்போதுதான் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அவள் வரவைப் பார்த்திருப்பது போல. சாவியைப் போடும் முன் ஒரு கணம் நின்றாள்.

அதற்குப் பிறகு மறதி தினமும் வந்தது.

எழுந்ததிலிருந்து படுக்கும் வரை விளக்கு எரிந்தது. கொஞ்ச நாளில் கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் விழுந்தன. துடைத்தாள். பிறகு இலைகளின் ஓரத்தில் முடி மாதிரி பாசி படர்ந்தது. தடித்த இலைச்செடி கறுப்புத் தூசு பிடித்தது போல் ஆயிற்று. பழைய பல் பிரஷ் ஒன்றை எடுத்து ஒவ்வோர் இலையாகத் தேய்த்தாள். பல் டாக்டரிடம் இத்தனை வருஷம் இருந்ததற்கு இந்த வித்தையாவது கை வந்ததே என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு நாளில் பாசி மறுபடி வந்தது. தண்ணீரே கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி ஆனது. விரட்டுகிற மீன் கண்ணுக்கே தெரியவில்லை. வால் மட்டும் எப்போதாவது கண்ணாடியருகே வந்து போகும்.

மறுபடி கடைக்குப் போனாள். ஒரு டப்பாவில் பாசியைக் கொண்டுபோயிருந்தாள். கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தினம் எவ்வளவு நேரம் லைட்டு போடுறீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான். ஏழெட்டு மணி நேரம்."

அவர் டப்பாவை ஒரு திருப்புத் திருப்பினார். "எட்டு மணி நேரத்துக்கு இவ்வளவு வராதே. உங்க வீட்ல வேற யாராச்சும் போட்டு விட்டுடுறாங்களோ?"

"வீட்ல வேற யாரும் இல்ல."

சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது புரிந்தது. கடைக்காரர் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஒருவர் மீன் தீனி கேட்டு நின்றுகொண்டிருந்தார்; அவரை அனுப்பிவிட்டு வந்தார். அவள் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நாள் முழுக்க எரியுது" என்றாள். "வேலைக்குப் போகும்போது அணைக்கிறதில்ல. திரும்பி வரும்போது இருட்டா இருந்தா ஒரு மாதிரியா இருக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். மனசைப் பற்றிய பேச்சு அவருக்கு வராது என்பது முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் அவருக்குத் தெரிந்த பக்கமாகத் திரும்பினார்.

"செடிக்கு எவ்வளவு நேரம்ங்கிறதுதான் கணக்கு. எந்த நேரம்ங்கிறது கணக்கே இல்ல. உங்க ரூம்ல வெயில் வராதுல்ல? அப்ப செடிக்கு எப்ப லைட்டு எரியுதோ அப்பதான் பகல். காலையிலயே எரியணும்னு சட்டமா? நீங்க எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?"

"ஆறு, ஆறரை."

"எப்ப படுப்பீங்க?"

"பத்து பத்தரைக்கு."

அவர் ஒரு டைமரை எடுத்தார். உள்ளங்கையளவு, வட்டமாக, சுற்றிலும் பல் வைத்தது. "இதைச் சுவர் ப்ளக்குல சொருகி, லைட்டை இதுல சொருகிடுங்க. மூணரைக்கு எரியும், பத்தரைக்கு அணையும். நடுவுல கை வைக்காதீங்க. நீங்க வரும்போது லைட்டு எரிஞ்சிட்டிருக்கும், நீங்க படுக்கும்போது அதுவும் படுத்துடும்." பிறகு, "லைட்டைக் கொஞ்சம் மேல தூக்கிக் கட்டுங்க. அது உங்களுக்கு ஜாஸ்தின்னு அன்னைக்கே சொன்னேன், நீங்க கேட்கல, நானும் அழுத்திச் சொல்லல" என்றார்.

வீட்டுக்கு வந்து சுவரில் ஆணி அடித்து, கயிற்றில் விளக்கை இரண்டு சாண் உயரத்துக்குத் தூக்கிக் கட்டினாள். கெட்டுப்போன இலைகளையெல்லாம் கத்தரித்தாள். தண்ணீரைப் பாதி மாற்றினாள். அவர் சொன்னபடி மிதக்கும் செடி கொஞ்சம் வாங்கி மேலே விட்டாள்; அது வெளிச்சத்தை வடிகட்டும், கிளினிக் திரைச்சீலை மாதிரி. மாதம் ஒன்றிரண்டு ஆனதும் பாசி வழிக்கு வந்தது. தண்ணீர் தெளிந்தது.

வேலை நாட்களில் அந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் இழுக்கும். காலையிலிருந்து தொட்டி இருண்டு கிடக்கும். மீன்கள் நிழல் மாதிரி நகரும். துவைக்கிற துணி எவ்வளவு நேரத்துக்கு வரும், ஓர் ஆளின் துணி? பேப்பரைக் கடைசிப் பக்கத்து விளம்பரம் வரை படிப்பாள். ஒரு தடவை பொறுக்காமல் டைமரைத் தட்டி மத்தியானமே எரியவிட்டாள். பிறகு தப்புச் செய்தவள் போல அணைத்தாள். டைமருக்குள் டிக் டிக் என்று மெல்லிய சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அறையில் அதைவிடப் பெரிய சத்தம் எதுவும் இல்லாத மத்தியானங்கள் அவை.

தம்பி மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் வைத்தார்கள். தம்பி போன் பண்ணினான். இந்தத் தடவை காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினான் என்பதிலிருந்தே காரியம் பெரிசு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "நீ வந்து கொஞ்ச நாள் இருந்தா நல்லா இருக்கும்க்கா."

லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மீன்களுக்கு அவ்வளவு நாள் தீனி இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். டைமரை ஒரு தடவை சரிபார்த்துக் கதவைப் பூட்டினாள்.

தம்பி வீடு ஆறாவது மாடி. நாலு பக்கமும் ஜன்னல், எங்கே பார்த்தாலும் வெயில். இங்கே ஒரு மூலையில் தொட்டியை வைத்தால் விளக்கே தேவைப்படாது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. சமைத்தாள், துணி மடித்தாள், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு போனாள். தம்பி மனைவி, "அண்ணி, நீங்க இல்லன்னா நாங்க திண்டாடிப் போயிருப்போம்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள், மனசாரத்தான் சொன்னாள். பிள்ளைகள் மரியாதையான பிள்ளைகள். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுக் காதில் மாட்டியதைத் திரும்ப மாட்டிக்கொள்வார்கள். அவள் ஹாலில் சோபாவில் படுத்தாள். எல்லோரும் நடமாடி முடித்த பிறகுதான் அவளுக்குப் படுக்கை.

சாயங்காலம் மூன்றரை ஆனால் கை வேலையை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பாள். இந்நேரம் அங்கே எரிந்திருக்கும். பூட்டிய அறையில், யாரும் பார்க்காமல், கட்டில் மேலும் சமையல் மேடை மேலும் வெளிச்சம் விழுந்திருக்கும்.

ஒரு நாள் தம்பி போனைப் பார்த்துக்கொண்டே, "பேசாம இங்கயே வந்துடேன்க்கா. அங்க தனியா கிடந்து என்ன பண்ற?" என்றான்.

"பார்க்கலாம்டா" என்றாள்.

அவன் இன்னொரு தடவை கேட்டால் என்ன சொல்லலாம் என்று இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தாள். தொட்டியை எப்படிக் கொண்டுவருவது என்றுகூட யோசித்தாள். அவன் கேட்கவில்லை. மறந்திருப்பான். தலைக்கு மேல் வேலை அவனுக்கு.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு நேரே தொட்டியிடம் போனாள். பயந்த மாதிரி ஒன்றுமில்லை. பயந்ததற்கு நேர் எதிர். புல் செடி தண்ணீர் மட்டத்தைத் தொட்டு மடங்கியிருந்தது. பெரணி அடர்ந்திருந்தது. கண்ணாடி துடைத்தது போல இருந்தது. அவள் இருந்த நாட்களைவிட அவள் இல்லாத நாட்களில் நன்றாக வளர்ந்திருந்தது. யாரும் கையை விட்டுக் கலக்கவில்லை, தீனியை அள்ளிக் கொட்டவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். சந்தோஷம்தான் பட்டாள். கூடவே எங்கோ ஓரிடத்தில் சுருக்கென்றது.

மறுநாள் காலை குப்பையை வைக்க வெளியே வந்தபோது மாடிப்படியில் வேன்காரம்மா இறங்கி வந்தாள். முதல் மாடியில் இருப்பவள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். முப்பத்தைந்து வயதிருக்கும். எப்போதும் சாவியைச் சுழற்றிக்கொண்டு, ஓடுகிற மாதிரி நடப்பாள். இருவரும் பார்த்தால் தலையை அசைப்பதோடு சரி.

"அக்கா, முந்தாநாள் தண்ணி மோட்டார் ரிப்பேர் ஆனப்ப உங்ககிட்ட சொல்லலாம்னு கீழ வந்தேன். லைட்டு எரிஞ்சிது. சமைச்சிட்டு இருப்பீங்க, எதுக்குத் தொந்தரவுன்னு போயிட்டேன்" என்றாள்.

"முந்தாநாள் நான் இல்லையேம்மா."

"எங்க போனீங்க?"

"தம்பி வீட்டுக்கு. போய்ப் பத்து நாளுக்கு மேல ஆச்சு. நேத்துதான் வந்தேன்."

வேன்காரம்மாவின் சாவி சுழல்வது நின்றது. "தினமும் லைட்டு எரிஞ்சிதே அக்கா. நான் ட்ரிப்பு முடிச்சு ஏறும்போது பார்ப்பேனே. நீங்க உள்ளதான் இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"அது டைமர். தானா எரியும்."

"ஓ" என்றாள் அவள். நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

அன்றைக்கு ஸ்கேன் சென்டரில் டோக்கனை நீட்டிக்கொண்டே அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கட்டடத்தில் யாரும் அவள் இல்லாததைக் கவனிக்கவில்லை. அவர்கள் மேல் குற்றமில்லை. கவனிக்க முடியாதபடி அவளே செய்து வைத்திருக்கிறாள். யாரோ உள்ளே இருப்பது போல் தனக்குத் தோன்ற வேண்டும் என்று வைத்த விளக்கு, ஊராருக்கும் அப்படியே தோன்றியிருக்கிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தால்? மூன்றரைக்கு விளக்கு எரியும். பத்தரைக்கு அணையும். டோக்கன் அக்கா நல்லபடியாக இருக்கிறாள் என்று தினம் தினம் சொல்லிக்கொண்டிருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் மீன் கடைக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"வேணும்னா நேரத்தை மாத்தி வெச்சிடலாமா?" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். "வேண்டாம். செடிக்குப் பழகிடுச்சு."

அவருக்கு வெட்கமாகிவிட்டது. "எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியலக்கா" என்றார். மேடம் அக்கா ஆனது அன்றைக்குத்தான்.

மறுநாள் செடியைக் கத்தரித்தாள். புல் செடி பக்கவாட்டில் ஓடவிட்ட தண்டுகளில் வேர்விட்ட நாலைந்து கன்றுகளைப் பிரித்து, ஒரு பழைய ஜாடியில் தண்ணீரோடு போட்டு எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். இத்தனை வருஷத்தில் அந்தப் படிகளை அவள் ஏறியதில்லை; மேலே அவளுக்கு என்ன வேலை? முதல் மாடியின் கதவைத் தட்டினாள்.

வேன்காரம்மா ஈரக் கையோடு வந்து திறந்தாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. புருஷன் லாரியோடு வெளியூர் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான் என்று கீழே பேசிக்கொள்ளக் கேட்டிருக்கிறாள்.

"இதைக் குடுக்க வந்தேன். ஜன்னல் ஓரமா வெச்சா போதும், தானா வளரும். உங்களுக்கு லைட்டு வேண்டியதில்ல."

"உள்ள வாங்கக்கா."

"இல்லம்மா, இருக்கட்டும். ஒண்ணு சொல்லணும்." வாசல்படியிலேயே நின்றுகொண்டாள். வரும் வழியில் யோசித்து வைத்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. "அந்த லைட்டை நம்பாதீங்க. அது எரியுதுங்கிறதுக்காக நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம் இல்ல. ரெண்டு மூணு நாள் என்னைக் கண்ணால பார்க்கலன்னா ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க. அவ்வளவுதான்."

"ஏன்க்கா இப்படியெல்லாம் பேசுறீங்க?"

"சும்மாதான். சொல்லி வெச்சா நல்லதுல்ல."

வேன்காரம்மா ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "சரிக்கா" என்றாள். டோக்கன் அக்கா இறங்கி வந்துவிட்டாள். உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு முகம் சூடாக இருந்தது. வலியப் போய்ப் பிச்சை கேட்டது போல் ஆகிவிட்டதே என்று வாயைக் கடித்துக்கொண்டாள். அடுத்த இரண்டு மூன்று நாள் வேன் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகே வெளியே வந்தாள்.

அப்படி ஒரு காலை, தலையை வாரிக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டும் சத்தம். திறந்தாள். வேன்காரம்மா, கையில் சாவியோடு.

"உங்களுக்குத் தண்ணி வருதாக்கா?"

"வருதேம்மா."

"இல்ல, எங்களுக்கு வரல. அதான் கேட்டேன்."

சொல்லிவிட்டு அவள் உடனே போகவில்லை. எட்டி, இருண்டு கிடந்த தொட்டியைப் பார்த்தாள். மேலே, திறந்து கிடந்த அவள் வீட்டிலிருந்து, குழாய்த் தண்ணீர் வாளியில் கொட்டும் சத்தம் படிவழியாகத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இருவருக்கும் கேட்டது.

"மூணரைக்குத்தானே எரியும்?" என்றாள் வேன்காரம்மா.

"ஆமா. மூணரைக்கு."

"சரி, வர்றேன்க்கா. பசங்க நின்னுட்டிருப்பாங்க."

அவள் மேலே ஏறிக் குழாயை மூடி, கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கி ஓடினாள். டோக்கன் அக்கா கையில் சீப்போடு முன்பக்கம் வந்து, வேன் தெருமுனை திரும்பும் வரை கட்டடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.